தாரகைக்குக் கேட்கக் கூடாதாம்

ஒன்பது வயது தாரகைக்கு வந்த புதிய காது மெஷின், மூன்று மாடி தாண்டிப் பேசுவதையும் பிடித்தது. பழைய மெஷின் காலத்தில் அவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டே, "பாவம், இதை யாரு கட்டிக்குவா?" என்று உச்சுக்கொட்டிய அபார்ட்மென்ட்வாசிகள் இப்போது ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "ஆன்ட்டி, எங்கம்மா கட்டியிருந்தது போலிப் பட்டு இல்லீங்க, அசல்" என்று, தன் வீட்டுக்குள் கிசுகிசுத்திருந்த ஏழாம் நம்பர் அமராவதியை அவள் லிஃப்டில் திருத்தியதும், குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது.

செயலாளர் வையாபுரி கனைத்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாப்பா மெஷினைக் கழட்டி வெச்சரோணுங்க. குடும்பம்னா நாலு பேச்சு இருக்குமில்லீங்க?"

"அப்புறம் நான் எப்படிங்க எம்புள்ளைகூடப் பேசறது?" என்ற அம்மா சுகந்தியின் குரல் உடைந்தது. கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலையும் முன்பே மணி ஆறானது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரகை சமர்த்தாக மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வையாபுரி நிம்மதியாக மனைவி பக்கம் திரும்பினார். "அப்பாடா, செவிட்டுப் புள்ளைகூட எவ்வளவு மல்லுக்கட்டறது!"

மூன்று வயதிலிருந்தே உதட்டசைவைப் படித்துப் பழகியவள் தாரகை. "அங்கிள், நீங்க சொன்னது தெரிஞ்சுதுங்க. எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுங்க" என்றாள்.

கை உயர்த்திய இருபத்திரண்டு பேரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுகந்திக்குச் சிரிப்பு பீறிட்டது. மெஷினை எடுத்து மகளின் காதில் மாட்டினாள்.

"போட்டுக்க கண்ணு. அம்மா சிரிக்கறது உனக்குக் கேக்கோணும்."