ஜோடிப் பலகை

அந்தப் பலகையில் மூன்று பேர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே படகோட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகின் முன்பாதியில் அடித்தளம் முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டிப் போட்ட பலகை அது. தீவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்கள் தோளோடு தோள் உரசிக் கடலடியைப் பார்க்கட்டும் என்று, இரண்டே பேருக்கு அளவெடுத்து, தச்சன் பக்கத்திலேயே நின்று அந்தப் படகுக்காரி செய்து வாங்கியது.

இன்று அதில் ஓர் ஓரத்தில் புதுப் பெண். மறு ஓரத்தில் மாப்பிள்ளைப் பையன். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள்.

பெண் அவளை அத்தை என்று கூப்பிட்டாள். பையன் அம்மா என்றான். இதற்கு மேல் படகோட்டிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மாள் விடுதியில் கொடுத்த தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். தீவில் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று வரிசையாகப் போட்டிருந்தது.

"அருவி ஆச்சு, கலங்கரை விளக்கம் ஆச்சு. இனிமே பவளப் பாறையும் ஆமையும்தான் பாக்கி."

தேனிலவுக்கு மாமியார் வந்ததே அநியாயம். அதில் மேற்பார்வை வேறு!

"அவருக்கு வேர்க்குது பாரு. அந்தத் துண்டை எடுத்துக் கொடு."

பெண் எடுத்துக் கொடுத்தாள். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பெற்ற பிள்ளைக்கு 'அவர்' போட்டுப் பேச்சு! பெரிய மகாராஜாவைப் பெற்றுவிட்ட நினைப்பு. படகோட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினாள்.

அவளுக்கும் ஒருத்தி வாய்த்திருந்தாள். கல்யாணமான மூன்றாம் நாளே மருமகளை மீன் கழுவ உட்கார வைத்துவிட்டு, மகனை மட்டும் விருந்துக்கு அழைத்துக்கொண்டு போன மகராசி. இருபது வருஷமாகியும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

பவளப் பாறை வந்தது. இயந்திரத்தை அணைத்தாள். சத்தம் கேட்டால் மீன்கள் கலைந்துவிடும்.

கண்ணாடிக்கு அடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் திரும்பித் திரும்பி நீந்தியது. கடவுள் ஆற அமர உட்கார்ந்து வண்ணம் தீட்டிய மீன்கள். பார்த்தவர்கள் ஒரு நிமிஷமாவது வாயடைத்துப் போவார்கள்.

"குனிஞ்சு பாரும்மா. அது என்ன மீனுன்னு அவரைக் கேளு."

பெண் குனியவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது.

அவ்வளவுதான். படகோட்டி வெடித்துவிட்டாள்.

"ஏம்மா, உங்களுக்கே இது நல்லா இருக்கா? சின்னஞ்சிறுசுங்க நடுவுல நந்தி மாதிரி உக்காந்துக்கிட்டு, அதைப் பாரு இதைப் பாருன்னு அதிகாரம் வேற! மகனைப் பெத்துட்டா தேனிலவுக்கும் வந்து காவல் காக்கணுமா?"

பையன் சட்டென்று வாயைத் திறந்தான். அம்மாள் அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அவங்க சொல்றது நியாயம்தான்" என்றாள்.

அவள் எழுந்தபோதுதான் தெரிந்தது, பெண் அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். தட்டுத்தடுமாறிப் பின்னால் வந்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள்.

படகோட்டிக்கு அந்த விரல்கள் கொஞ்சம் உறுத்தின. ஆனாலும் சூடு இறங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மாள், முன்னால் இருப்பவர்கள் காதில் விழாதபடி, தணிந்த குரலில் சொன்னாள்.

"அவர் என் மகன் இல்லம்மா. என் மகன் போய் மூணு வருஷம் ஆச்சு. அவனைக் கட்டினவதான் இவ."

படகோட்டி திரும்பிப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிச்சு இவளுக்குக் கட்டி வெச்சது நான்தான். அத்தை வந்தாத்தான் வருவேன்னு ஒரே அடம். சரின்னு வந்தேன். ஆனா நடுவுலேர்ந்து எந்திரிக்கணுமே, அது மட்டும் முடியல. மூணு நாளா நினைக்கிறேன், மனசு வரல. யாராவது நாலு வார்த்தை திட்டினா தேவலைன்னு இருந்துச்சு. புண்ணியமாப் போச்சு உனக்கு."

காலையில் கயிற்றை அவிழ்க்கும்போது, யார் மனமும் நோகாமல் இந்தப் பொழுது போகட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டவள்தான் படகோட்டி. தினமும் வேண்டுவாள். அவளுடைய கோபம் இப்போதும் எங்கேயும் போய்விடவில்லை. திரும்பி வந்து, அப்படிப் பேசிய அவள் நாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

 தான் உட்கார்ந்திருந்த மெத்தையை உருவி, அந்த அம்மாளுக்குப் போட்டாள்.

இயந்திரத்தை முடுக்க வேண்டிய நேரம் கடந்திருந்தது. அவள் முடுக்கவில்லை. படகு தன் பாட்டுக்கு மிதந்தது.

முன்னால், காலியான இடத்துக்குப் பையன் நகர்ந்து வரவில்லை. ஓர் ஆள் இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியில் எதையோ விரலால் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றைக் காட்டினான்.

பெண் மெல்லக் குனிந்தாள்.

"அத்தை! ஆமை! குட்டி ஆமை, ஓடி வாங்க!"

அம்மாளின் கை படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 

"எனக்கு இங்கேர்ந்தே நல்லாத் தெரியுதும்மா. நீங்க ரெண்டு பேரும் பாருங்க."

படகின் பின்பாதியில் கண்ணாடி கிடையாது. வெறும் மரம்தான்.