பத்தாவது ஆள்

நாளுக்குப் பத்துப் பேராவது வராவிட்டால் காவலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் வீண், கல்லறைத் தோட்டத்தை ஞாயிறு மட்டும் திறந்தால் போதும் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என்னிடம் காவலாளி செபஸ்தியான் வருகை நோட்டை நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ தம்பி."

"உள்ள எனக்கு யாரும் இல்லண்ணே."

"இனிமே வச்சுக்கயேன்."

'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. உள்ளே போய் முதல் கல்லைத் துடைத்து, பெயரைப் படித்துவிட்டு வந்து எழுதினேன்: புஷ்பம்மாள்.

தினமும் அப்படியே மூன்று மாதம். இந்தப் புதன்கிழமை அந்தக் கல்லருகே ஒரு பெண் நின்றிருந்தார். புதிதாகச் சேர்ந்த கடையில் அவருக்குப் புதன்தான் விடுமுறையாம்.

"நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

நான் குனிந்து, வழக்கம்போல் கல்லைத் துடைத்தேன். அவர் தன் மெழுகுவர்த்திகளில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.