மடியில் கட்டிய வெங்காயம்

வெள்ளியங்கிரி வீட்டுப் புழக்கடையில் விளைந்த சின்ன வெங்காயத்துக்கு அப்படியொரு காரம். அவர் களையெடுக்கும் நாளில் தெருவில் போகும் பஸ் நின்றுவிடும். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கிளம்பும். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அழுகை வராத அம்மாக்கள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப்போவார்கள்.

அண்ணன் மாரப்பனோடு மட்டும் பேச்சில்லை. பாத்தியில் அண்ணன் மாடு மேய்ந்துவிட்டதென்று ஒருநாள் நாலு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டார். பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தபோதே மாரப்பன் செத்துப்போனார்.

சாவு வீட்டுக்குக் கிளம்பிய வெள்ளியங்கிரி, எதற்கும் இருக்கட்டுமென்று, நன்றாக முற்றிய வெங்காயம் ஒன்றை நசுக்கி மடியில் கட்டிக்கொண்டார். அவர் நுழைந்ததும் பந்தல்காரன் அழுதான். மேளக்காரர்கள் தாளம் தப்பி அழுதார்கள். மாரப்பனுக்கு ஆகாத பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தேம்பினார். ஆயுள் முழுக்க அந்தக் காரத்திலேயே கிடந்த வெள்ளியங்கிரிக்கு மட்டும் கண் நனையவில்லை.

“ஏனுங் கொழுந்தனாரே, போனவரு மேலயுமா கோவம்?” என்று மூக்கைச் சிந்தியபடி கேட்டாள் அண்ணி.

“கோவமெல்லாம் இல்லீங்க அண்ணி.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வெள்ளியங்கிரி வாசலுக்கு வந்து, இமைகளை விரலால் அகட்டிப் பிடித்துக்கொண்டு, உச்சிவெயிலை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பாடை கட்ட வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.