சர்வர் டவுன்

“சர்வர் டவுன்மா, கொஞ்சம் பொறுங்க” என்றார் ஜெக்கரியா, மூன்றாவது முறையாக.

மெஹராஜ் பேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப் போனில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் சுற்றிக்கொண்டே நின்றதால்தான், வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் இவர் பிரவுசிங் சென்டருக்கு மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் வந்தவர்களெல்லாம் மார்க்கை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறார்கள். ஷிஃபாவின் நம்பருக்கு மட்டும் அந்தப் பாழாய்ப்போன சர்வர் மூச்சே விடவில்லை.

ஷிஃபா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உம்மா பாடிய பாட்டு ஒன்றே ஒன்றுதான்.

“ஃபெயில்னு மட்டும் வந்துச்சு, வீட்டுப் பக்கம் வந்துடாதே. துபாய் வெயில்ல உங்க வாப்பா காயறது யாருக்காக?”

மெஹராஜ் பொறுமையிழந்தாள். “என்னண்ணே, ஆள் பாத்துத்தான் உங்க சர்வர் வேலை செய்யுமா?”

ஜெக்கரியா கோபப்படவில்லை. திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, “பாப்பா, பக்கத்துக் கடையில மூணு டீ வாங்கிட்டு வா” என்றார்.

“நாங்க ரிசல்ட் பாக்க வந்தோமா, உங்களுக்கு டீ வாங்க வந்தோமா?”

அதற்குள் ஷிஃபா படியிறங்கிவிட்டாள். அவர் குரலைத் தணித்தார்.

“சர்வர் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கணக்குல இருபத்தொம்பது. ஃபெயில்.”

மெஹராஜுக்குக் கண் இருட்டியது. “வரட்டும் அவ...”

“அதுக்குத்தான் வெளிய அனுப்பினேன். போன வருஷம் ஒரு புள்ளைகிட்ட பட்டுனு சொல்லிட்டேன். பெத்தவங்க இங்கயே வச்சுத் திட்டினாங்க. எந்திரிச்சு ஓடினவள ரெண்டு நாள் தேடி, கோடியக்கரையில கண்டுபிடிச்சோம். உசிரோட கிடைச்சதே பெரிசு. துணைத்தேர்வு இருக்கு, கணக்க எழுதிக்கலாம். அவகிட்ட முதல் வார்த்தை என்ன பேசப்போறீங்கன்னு யோசிங்க. அதுவரைக்கும் சர்வர் வராது.”

பஸ்ஸில் தான் பேசியதெல்லாம் மெஹராஜுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

ஷிஃபா டீயோடு வந்தாள்.

“உம்மா, வந்துடுச்சா?”

மெஹராஜ் டம்ளர்களை வாங்கி வைத்துவிட்டு, அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“வரும்போது வரட்டும். பஸ்ல நான் சொன்னது தப்புடி. எந்த மார்க் வந்தாலும் நீயும் நானும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போறோம். தெரியுதா?”

ஷிஃபா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஜெக்கரியா திரையை மெல்ல அவர்கள் பக்கம் திருப்பினார்.

“சர்வர் வந்துடுச்சு பாப்பா.”