ரெண்டு வீட்டுப் பாக்கு

"ரெண்டு வீட்டுல பாக்கு வாங்கிக்கினு வந்துட்டியாமே? அதுவும் ஒரே முகூர்த்தத்துக்கு! இன்னாய்யா, புத்தி கித்தி பிசகிப் போச்சா உனக்கு?"

பெண்டாட்டி சென்னம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. பாலையா பாட்டுக்கு டிரம்முக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தான்.

நகரிப் பக்கத்தில் வாத்தியக்காரன் ஒரு கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் அன்றைக்கு அவன் அந்த வீட்டுக்குத்தான் சொந்தம். தவறினால் அப்புறம் எவனும் பாக்கு வைக்க மாட்டான். பிழைப்பு அதோடு போச்சு. சென்னம்மா சத்தம் போடாமல் பின்னே என்ன செய்வாள்?

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன எல்லைத் தகராறால் வந்தது.

அதுக்கு முன்னால் ஒரே செட்டு. முனிரத்தினம் டிரம்பெட், ரங்கையா சாக்ஸபோன், பாலையா டிரம். ரேணிகுண்டா ரயில்வே காலனியில் சனிக்கிழமை டான்ஸ் என்றால் இவர்கள் ஜாஸ்தான். டிரம்பெட் ஒன்றைக் கேட்கும், சாக்ஸபோன் குறும்பாய்ப் பதில் சொல்லும். துரைசானிகள் கால் ஓய்கிற வரைக்கும் ஆடுவார்கள்.

நகரி ஆந்திராவுக்கா, மெட்ராசுக்கா என்று சண்டை வந்ததோ இல்லையோ, செட்டு ரெண்டாகிவிட்டது. முனிரத்தினம் தமிழ் ஊர்வலத்துக்கு ஊதப் போனார். ரங்கையா தெலுங்கு ஊர்வலத்துக்கு. எதிரில் பார்த்தால் இவர் கிழக்கே, அவர் மேற்கே. ஊரில் வேறு டிரம்காரன் இல்லாததால் பாலையா மட்டும் ரெண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது முதலியார் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முனிரத்தினம். நாயுடு வீட்டு மாப்பிள்ளைக்கு ரங்கையா. ரெண்டும் ஒரே சாயங்காலம். பாலையா ரெண்டு வீட்டிலும் பாக்கு வாங்கியிருந்தான்!

"எந்த வூட்டுக்குய்யா போவப் போற?"

"வந்து பாரு."

அவன் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ரெண்டு ஊர்வலமும் குறுக்கிடும் கடைத்தெரு முக்கில் டிரம்மை இறக்கி வைத்துக்கொண்டு நின்றான். சென்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள்.

முதலியார் ஊர்வலம் வந்து நின்றது. எதிரே நாயுடு ஊர்வலம்.

"டேய் பாலையா! ரெண்டு பக்கமும் கையை நீட்டினியா? நீயெல்லாம் மனுசனா?" முனிரத்தினம் தெரு அதிரக் கத்தினார்.

"ஏமிரா, சிக்கு லேதா நீக்கு? வெக்கமே இல்லியா?" ரங்கையா அதுக்கு மேல் கத்தினார்.

"தப்புதாண்ணே. ஆனா பாக்கு வாங்கியாச்சு. ரெண்டு பேருக்கும் இங்கியே அடிக்கிறேன். இஷ்டம் இருந்தா ஊதுங்க."

குச்சியைப் போட்டான் பாருங்கள், தெருக்கல் துள்ளியது.

மாப்பிள்ளையை ஊமையாகவா நிறுத்தி வைக்க முடியும்? முனிரத்தினம் முறைத்துக்கொண்டே ஊதினார். ரங்கையா அதைவிட முறைத்துக்கொண்டு பதில் ஊதினார். இவர் ஒன்று சொல்ல, அவர் கிண்டல் செய்ய, இவர் எகிற, அவர் கெஞ்ச, கொஞ்ச நேரத்தில் முறைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அடடா, அது ஜாஸ்! ரெண்டு மாப்பிள்ளைகளும் காரை விட்டுக் குதித்தார்கள். முதலியார் வீட்டு மாமனார் நாயுடு வீட்டுச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். அழ வந்த சென்னம்மா சிரித்தாள்.

ஆனால் வாத்தியத்தை இறக்கியதும் முனிரத்தினமும் ரங்கையாவும் மறுபடி விறைத்துக்கொண்டார்கள்.

"கல்யாண வீட்டு மானத்துக்காக ஊதினோம். எல்லாம் இந்தப் பயலால வந்தது." ரெண்டு பேருக்கும் இதே பேச்சுதான்.

ஊரே பாலையாவைக் காறித் துப்பாத குறை. சென்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கொல்லைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால் முனிரத்தினம்! கையில் லட்டுப் பொட்டலம்.

"பாலையா, நீ சாமிடா. சனிக்கிழமை ரேணிகுண்டாவுக்கு மூணு பேரும் போறோம். அவன்கிட்ட நானே பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு. ரெண்டு பாக்கையும் வாங்கிக்கோன்னு உன் கையைப் புடிச்சுக் கெஞ்சினது நான்தான்னு அந்த ரங்கையாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. என் கௌரவம் போயிடும்."

"சொல்ல மாட்டேண்ணே."

அவர் தலை மறைந்ததும் சென்னம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா! அவுரு சொல்லித்தான் செஞ்சியா? அப்புறம் ஏன்யா ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கினே?"

"கத்தாதமே! இதையே செய்யச் சொல்லிக் கெஞ்சின ரங்கையா, அதோ லட்டோட முன் வாசல்ல நிக்கிறாரு."