அப்பா விட்ட அறை

காலையெல்லாம் மூட்டை இறக்கியதில் சுமைதூக்கிக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. கையைத் தூக்குவதே பெரும்பாடு. அந்தக் கையால்தான் டைரக்டரைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்றார்கள்.

டைரக்டர் தன் சொந்தக் கதையைப் படமெடுத்தார். நாற்பது வயதில் அரைக்கால் சட்டையும் விக்கும் மாட்டிக்கொண்டு பையனாகவும் அவரே நடித்தார். அப்பா வேடத்துக்கு முகம் பொருந்துகிறது என்று சுமைதூக்கியை அழைத்து வந்திருந்தார்.

சுமைதூக்கி அடித்தார்.

"என்னண்ணே, தடவிக் குடுக்கிறீங்க? அப்பா அடிச்சா காது கொய்யினு கேட்கும்!"

"எதுக்காம் இந்த அடி?" என்று உதவி டைரக்டரிடம் கேட்டார் சுமைதூக்கி.

"வீட்டு ரேடியோவைத் திருடி வித்தது இவரோட அண்ணன். பழி இவர் மேல விழுந்துடுச்சு. பாவம், வாயே திறக்காம வாங்கிக்கிட்டாராம்."

"ஓஹோ, அப்படியா சங்கதி?"

அடுத்து விட்ட அறையில் டைரக்டர் சுருண்டு விழுந்தார். "பிரமாதம்ணே! ஓகே!"

"எனக்குத் திருப்தியில்ல. இன்னொண்ணு."

அறைந்தார். மறுபடியும் அறைந்தார். டைரக்டரின் கன்னம் பன்னு மாதிரி உப்பியது. விக் பறந்துபோய்க் கேமராவை மூடியது. டைரக்டர் அங்கிருந்த மேசைக்கடியில் புகுந்துகொண்டார்.

"போதும்ணே! அதான் ஓகே ஆயிடுச்சே!"

"உனக்கு ஓகேடா. ரேடியோவை வித்து சினிமா பார்த்தது நீ. உனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு அறை வாங்கினது நான்."

உதவி டைரக்டர் வாயைப் பிளந்தார். "சார், அப்ப நீங்க 'அண்ணே'ன்னு கூப்பிட்டது...?"

"கூடப் பிறந்த அண்ணன்தான்யா," என்று மேசைக்கடியிலிருந்து முனகினார் டைரக்டர்.

சுமைதூக்கி மேசையைத் தட்டினார். "வெளிய வாடா. முதல்ல தடவினது கணக்குல சேராது. இன்னும் ஒரு அறை பாக்கி."