தேறிய பெட்டி

பதினோரு நாளில் பதினோரு ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோக்களைச் சோதித்தாகிவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

ரேடியோ இன்ஸ்பெக்டர் தேசிகன் அதை முதலில் தன் கண்டிப்புக்குக் கிடைத்த பெருமையாகவே நினைத்தார். "ஒன்றாவது தேறுமா, இல்லை விதியையே தூக்கிப் போடட்டுமா?" என்று மெட்ராஸிலிருந்து மேலதிகாரியின் தந்தி வந்த பிறகுதான் கவலை பிடித்தது.

ஏனென்றால் விதி அவர் எழுதியது. ரேடியோப் பெட்டிகளுக்கான தர விதிகள், திருத்திய மூன்றாம் பதிப்பு. இரண்டாம் பதிப்பின்படி அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். அப்படித் திறந்து பார்த்தவற்றில் பாதி, அதன் பிறகு வாயே திறக்கவில்லை. ஆகவே மூன்றாம் பதிப்பில் அதிகாரி பெட்டியைத் தொடக் கூடாது. ஐம்பது அடி தள்ளி நின்று காதால் மட்டுமே சோதிக்க வேண்டும். விஞ்ஞானம் இப்படித்தான் முன்னேறுகிறது.

பன்னிரண்டாவது ஊர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பஞ்சாயத்து அறைச் சுவரில் ஓட்டை போட்டு, ஒலிபெருக்கிக் குழாயை வெளியே நீட்டியிருந்தார்கள். உள்ளே பெட்டி. பெட்டிக்குப் பொறுப்பு மோசஸ்.

"தேறலைன்னா பெட்டி செங்கல்பட்டுக் கிடங்குக்குப் போயிடும். தெரியுமோல்லியோ?" என்றார் தேசிகன்.

"தெரியும் சார். ஐப்பசி பொறக்கப் போவுது. போன வருசம் புயலு சேதி தெரியாம நாலு கட்டுமரம் போச்சு. பொட்டியும் பூட்டா நாங்க இன்னா சார் பண்ணுவோம்?"

"அதுக்கெல்லாம் புஸ்தகத்துல இடமில்லை."

"சரி சார். முடிஞ்சதும் சாப்ட்டுதான் போவணும். எம் பொஞ்சாதி மார்கரெட்டு மிசன் ஸ்கூலு டீச்சரு. ஆனா மீன் கொழம்பு வெச்சான்னா ஊரே மணக்கும்."

தேசிகன் தன் நெற்றித் திருமண்ணைச் சுட்டிக் காட்டினார்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார். மோரு குடிங்க."

தேசிகன் காயப்போட்ட வலைகளைத் தாண்டி, ஐம்பது அடி அளந்து, மணலில் நின்றார். டிரைவர் முத்துசாமி குடை பிடித்தான். மோசஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போட்டுட்டேன் சார்!"

குழாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. நிலக்கடலை விலை சொன்னது. வங்கக் கடல் அமைதியாக இருக்கிறது என்றது. "கிராம மக்களின் குறைகளைக் களைய அரசாங்கம் ஆவன செய்து வருகிறது" என்றது. அந்த வாக்கியம் காதில் விழுந்ததும், எந்த நிலையம் என்ற கேள்விக்கே தேசிகனுக்கு இடமில்லாமல் போயிற்று.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற ஊர்களில் குளவிக் கூட்டைக் கலைத்தது போல் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அது துளியும் இல்லை. வானத்தின் கொரகொரப்பும் இல்லை. உச்சரிப்பில் ழகரம்கூடப் பிசகவில்லை.

மிச்சமிருந்தது கடைசிச் சோதனை. பதினோரு பெட்டிகளும் அங்கேதான் மண்ணைக் கவ்வின.

"முத்துசாமி, ஜீப்பைக் கிளப்பு!"

பக்கத்தில் ஜீப் உறுமினால் அதன் தீப்பொறி எந்த ரேடியோவையும் படபடவென்று பொரியவைத்துவிடும். இந்தப் பெட்டி பொரியவில்லை. ஜீப் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டது, அவ்வளவுதான். முத்துசாமி ஜீப்பை நிறுத்தியதும் பழையபடி தணிந்தது.

தேசிகனுக்குப் புல்லரித்தது. "பேஷ்! தானாவே கூட்டிக்கறது, தானாவே குறைச்சுக்கறது! சீமைப் பெட்டியிலகூட இப்படிக் கேட்டதில்லையே!"

"ஒரு மாதிரியாத்தான் கீது சார்," என்றான் முத்துசாமி.

"உனக்கு என்னடா தெரியும் விஞ்ஞானம்?"

சான்றிதழில் எல்லா இனங்களிலும் முழு மதிப்பெண் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். 'இதையே மாதிரியாகக் கொள்க' என்று ஓரத்தில் சிபாரிசு எழுதினார். மோசஸ் அதை வாங்கி, மை காயும்வரை ஊதி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

"முத்துசாமி, ஜீப்புல இருக்கற புது ரேடியோ பேட்டரியை இறக்கிக் குடு."

மோசஸ் அந்தக் கனத்தை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். "இதுக்காவ செங்கல்பட்டுக்கு நடையா நடந்தேன் சார். தேறின பொட்டிக்குத்தான் குடுப்போம்னு சொல்லிட்டாங்கோ."

"விதி எட்டு. நான்தான் எழுதினேன். தேறாத பெட்டிக்கு பேட்டரி எதுக்கு?"

"நாயந்தான் சார்."

அறைக்குப் பின்னாலிருந்த வீட்டில் புகை எழுந்தது. புளியும் மீனுமாக ஒரு மணம் காற்றில் வந்தது. தேசிகன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டாலும் ஜீப்பில் ஏற மனம் வரவில்லை.

"மோசஸ், இன்னும் ஒரே ஒரு தடவை போடேன். காதாரக் கேட்டுட்டுக் கிளம்பறேன்."

மோசஸ் சட்டைக்குள் இருந்த சான்றிதழை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பேட்டரிய மாட்டிட்டுப் போடுறேன், இருங்க சார். இனிமே பொட்டிதான் பேசணும். இத்தினி நேரம் பேசின மார்கரெட்டு கொழம்பு வெக்கப் பூட்டா."